திருச்சிலுவை ஆலயமும் ஆர்னோ ஆற்று வெள்ளமும்



அண்மையில் நாம் மேற்கொண்ட இத்தாலித் திருப்பயணத்தின்போது, புளோரன்ஸ் நகரின் திருச்சிலுவை ஆலய வாசலில் நுழைவுச்சீட்டுக்காக வரிசையில் நின்றவேளை, நம் பங்கின் மூத்த தாயார் ஒருவர் என்னிடம், "சுவாமி, ஆண்டவருடைய வீட்டுக்குள்ள போறதுக்கும் காசோ?" என்று கேட்டார். உள்ளே சென்று சக்கிறிஸ்தில் தொங்கும் பெரிய பாடுபட்ட சுரூபத்தைக் கண்டதும், "உந்த முகத்தை ஏன் முழுசாகக் கீறி முடிக்காமல் விட்டவை?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டார். பேருந்து காத்திருந்தமையால் இரண்டுக்கும் அரைகுறையாகவே மறுமொழி சொன்னேன். இப்பொழுது அமைதியாக எழுதுகிறேன்.

முதலாவது கேள்விக்கு விடை 1866ஆம் ஆண்டில் உள்ளது. புதிதாக ஒன்றிணைந்த இத்தாலிய இராச்சியம் அவ்வாண்டில் துறவற சபைகளின் சட்டபூர்வ உரிமையை நீக்கி, அவற்றின் மடங்களையும் உடைமைகளையும் அரசுக்கு உரியனவாக்கியது. அப்போது நாட்டின் தலைநகரே புளோரன்ஸ்தான். பிரான்சிஸ்கன் துறவியர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய இவ்வாலயமும் அச்சட்டத்தில் அகப்பட்டது. இன்று ஆலயக் கட்டடம் இத்தாலிய உள்துறை அமைச்சின் கீழுள்ள வழிபாட்டுக் கட்டட நிதியத்துக்குச் சொந்தம். இந்நிதியத்தின் கையில் நாடெங்கும் 800க்கும் மேற்பட்ட ஆலயங்கள் இருக்கின்றன. மடத்தின் பகுதிகள் நகரசபைக்குரியவை. அன்றாடப் பராமரிப்பை 'ஓப்பெரா' எனப்படும் பழைமையான ஆலய நிர்வாகச் சபை கவனிக்கிறது. திருப்பலி நிறைவேற்றுவோர் பிரான்சிஸ்கன் துறவியர். ஒரே கூரைக்கு நான்கு பொறுப்பாளர்! நம் ஊர்ப் பங்கில் ஓர் ஓடு மாற்றுவதற்கே எத்தனை கூட்டம் கூடினோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வேற்பாடு கடுமையாகச் சோதிக்கப்பட்ட நாள் 1966 நவம்பர் 4. இரண்டு நாள் அடைமழையால் ஆர்னோ ஆறு பெருகி, விடியுமுன்பே நகருக்குள் புகுந்தது. அன்று இராணுவ நினைவு விடுமுறை நாள்; கடைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடந்தன. பழைய பாலத்தின்மீது கடை வைத்திருந்த நகை வணிகர்களுக்கு இரவுக் காவலர்கள் செய்தி சொல்லி அனுப்ப, அவர்கள் ஓடிவந்து பொருள்களை அள்ளிச் சென்றனர். ஆற்றோரத்து ஏழை மக்களுக்கோ அரசுத் தரப்பிலிருந்து எச்சரிக்கை எதுவும் வரவில்லை. இது எனக்கு இன்றும் நெருடுகிறது. திருச்சிலுவை ஆலயத்துக்கு அண்மையிலுள்ள தெருவொன்றில் நீர்மட்டம் ஏறத்தாழ 5 மீற்றருக்கு உயர்ந்தது. குளிர்காலத்துக்கென நிலவறைத் தொட்டிகளில் நிரப்பியிருந்த சூடாக்கும் எண்ணெய் உடைத்துக்கொண்டு வெள்ளத்தோடு கலந்தது. நீர் வடிந்தபின் சுவரெங்கும் கருமை படிந்தது அதனாற்றான். நகரிலும் அதைச் சூழ்ந்த மாகாணத்திலுமாக 35 பேர் மாண்டனர்.

தேசிய மைய நூலகத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் நனைந்தன. பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். 'சேற்றின் வானதூதர்கள்' என்று நகரம் அவர்களை அழைத்தது. உரோமையில் படித்த நாள்களில் அந்நூலகத்தை முதன்முறை பார்த்தபோது, என் நினைவு புளோரன்சில் நிற்கவில்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்குப் போய்விட்டது. அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுவேன்.

திருச்சிலுவை ஆலயத்தில் பேரிழப்பு, பழைய உணவறையில் அமைந்திருந்த அருங்காட்சியகத்தில் நிகழ்ந்தது. சீமாபுவே 13ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெருஞ்சிலுவை அங்கே இருந்தது. உயரம் நாலரை மீற்றர் அளவு. மரம் நீரை உறிஞ்சிப் பருத்தது. வண்ணப் படலம் உரிந்து நீரில் உதிர்ந்தது. துறவியரும் சீர்செய்வோரும் சேற்று நீரைச் சல்லடையிட்டு வண்ணத் துகள்களைத் தேடினார்கள். ஏறத்தாழ 60 வீதம் போய்விட்டது. அவ்வாண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியைத் திருத்தந்தை ஆறாம் பவுல் புளோரன்ஸ் பேராலயத்திலேயே வந்து நிறைவேற்றினார்.

சிலுவையை உடனே வெயிலில் காயவிட்டால் மரம் வெடித்துவிடும். ஆகவே போபொலி தோட்டத்தில் எலுமிச்சை மரங்களைக் குளிரிலிருந்து காக்கும் பெருங்கட்டடத்தை ஈரப்பதம் கட்டுப்படுத்தும் கூடமாக மாற்றி, நனைந்த மரப்பலகை ஓவியங்களை அங்கே மெதுவாக உலர்த்தினார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1976இல், சிலுவை திரும்பி வந்தது. அழிந்த இடங்களில் புதிய முகமும் புதிய உடலும் வரைந்துவிட வல்ல ஓவியர்கள் இத்தாலியில் இல்லாமலில்லை. ஆயினும், பணியை வழிநடத்திய உம்பெர்த்தோ பால்தீனி அதற்கு இணங்கவில்லை. எஞ்சிய வண்ணங்களின் சாயலில் மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழைத்து, வெற்றிடத்தை நிரப்பச் செய்தார். தொலைவில் நின்றால் கண் உறுத்தாது. கிட்டப்போனால் இழப்பு இழப்பாகவே தெரியும். இம்முறையைக் குறைகூறிய அறிஞர்கள் பலர். என் மனமோ பால்தீனியின் பக்கமே சாய்கிறது. தாயாரே, அந்த முகம் முழுமையாகாததன் காரணம் இதுவே.

அதே வெள்ளத்தில் வசாரியின் 'கடைசி இராவுணவு' பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் மூழ்கியிருந்தது. ஐந்து பெரும் பலகைகள். இவற்றைச் சீர்செய்யும் வழி அக்காலத்தில் எவருக்கும் புலப்படாமையால், மேற்பரப்பில் மெல்லிய தாள் ஒட்டி நாற்பது ஆண்டுகளாகக் களஞ்சியத்தில் வைத்திருந்தனர். அரசின் சீர்செய் நிறுவனம் பணியை ஏற்க, அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளையும் இத்தாலியக் குடிசார் பாதுகாப்புத் துறையும் தனியார் நிறுவனம் ஒன்றும் பொருளுதவி செய்தன. 2016 நவம்பர் 4 அன்று, சரியாக 50 ஆண்டுகள் கழித்து, நாட்டின் அதிபர் முன்னிலையில் அது உணவறைக்கு மீண்டது. இப்பொழுது வெள்ள எச்சரிக்கை வந்தால் அவ்வோவியம் முழுவதையும் மேலே உயர்த்திவிடும் பொறியமைப்பு இருக்கிறது. இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டு சென்றது.

ஆற்றையும் மறக்கவில்லை என்று சொல்லலாம். விரைந்து செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பழைய பாலத்தடியில் ஆற்றுப்படுகையைத் தாழ்த்தியது 1970களின் இறுதியில். துணையாறான சியேவேயின்மீது பிலன்சீனோ நீர்த்தேக்கம் நிறைவடைந்தது 1990களின் இறுதியில்.

பணம் எங்கிருந்து வந்தது? 1966இலேயே அரசு பெற்றோலின்மீது இலீற்றருக்கு 10 லீரா சிறப்பு வரி விதித்தது. அவ்வரி வெள்ளம் வடிந்து பல்லாண்டுகள் சென்றபின்னும் நீங்கவில்லை. சிசிலியில் வண்டி ஓட்டிய ஏழையும் புளோரன்சுக்காகச் செலுத்தினான். இருந்தும் அன்றாடப் பராமரிப்புக்கு அரசின் கை தாராளமாக நீள்வதில்லை. ஆகவே ஓப்பெரா சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்குகிறது. பராமரிப்பு எவ்வளவு பாரதூரமான விடயம் என்பதை 2017 ஒக்ரோபர் காட்டியது. உயரத்திலிருந்து கல்லொன்று பெயர்ந்து விழ, ஆலயத்துள் நின்ற ஸ்பானியப் பயணி ஒருவர் உயிரிழந்தார். உடைமையாளர் ஒருவர், பராமரிப்பவர் இன்னொருவர் என்றிருக்கும் இடத்தில், அந்தக் கல்லைப் பார்த்திருக்கவேண்டியவர் யார் என்ற கேள்வி அன்று பலர் வாயிலும் எழுந்தது.

நாமும் பிறர் ஆலயத்தில் பூசைக்கு நேரம் கேட்டு, திறப்பு வாங்கித் திறந்து, முடிந்ததும் கூட்டித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கிறவர்கள். சென்ற மாரியில் நிலவறைக்குள் தண்ணீர் வந்து, நம் அன்னையின் சுரூபத் தேரின் மரச்சட்டம் ஊறியபோது, திருத்தவேண்டியவர் யார் என்று மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்திருக்கிறது. அதுவரையில் தேரை மேல்மண்டபத்துக்கு ஏற்றிவைக்க வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேர் வேண்டும்.

தாயாருக்கு ஒரு சொல்: திருச்சிலுவை ஆலயத்தில் செபிக்க வருவோருக்குக் கட்டணமில்லாத வேறு வாயில் உண்டு. அடுத்த முறை அதன்வழியே போவோம்.