பாய்மரக் கலங்களின் பாய் வகைகளும் காவிரிப் பரிசலும்

பாய்மரக் கலம் என்பது காற்றின் விசையைப் பாயில் ஏற்று நகரும் நீர்க்கலம் ஆகும். பாயைத் தாங்கும் மரம் பாய்மரம் எனப்படும். பாயை விரித்துப் பிடிக்கும் குறுக்குமரம் பருமல். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு தாமான். இவை அனைத்தும் சேர்ந்ததே பாய்க் கட்டமைப்பு.

பாய் வகைகள்

சதுரப் பாய் கலத்துக்குக் குறுக்காகக் கட்டப்படுகிறது. பின்னால் இருந்து வீசும் காற்றில் இது சிறப்பாக இயங்கும். முக்கோணப் பாய் கலத்தின் நீளவாக்கில் அமைகிறது. பக்கக் காற்றையும் பயன்படுத்தி, எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து முன்னேற இது உதவுகிறது. தமிழகக் கடற்கரையின் கட்டுமரங்களிலும் வள்ளங்களிலும் முக்கோணப் பாயே பெரிதும் பயன்பட்டது.

தமிழர் கலங்கள்

சாதவாகனர் வெளியிட்ட காசுகள் சிலவற்றில் இரண்டு பாய்மரக் கப்பலின் உருவம் உள்ளது. அண்மைக் காலச் சான்று, யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி'. இரண்டு பாய்மரங்கள் கொண்ட இக்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938-இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. உள்ளூர் மேத்திரிமாரின் மரபுத் தொழில்நுட்பம் பெருங்கடல்களைத் தாண்டவல்லது என்பதை இப்பயணம் காட்டியது.

பாயில்லாத பரிசல்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஓரமாக ஓடும் காவிரியில் வழங்கிய மரபுக் கலம் பரிசல். பூலாம்பட்டி, பள்ளிபாளையம், மோகனூர் போன்ற ஊர்கள் இந்த ஆற்றங்கரையில் உள்ளன. மூங்கில் பிளாச்சுகளால் கூடைபோல் முடைந்து, தோல் போர்த்திப் பரிசல் செய்யப்பட்டது. பின்னாளில் தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன.

பரிசலுக்குப் பாய் இல்லாததைப் பின்தங்கிய நிலையாகக் கருதக்கூடாது. பாய்க்கலம் பக்கவாட்டில் தள்ளப்படாமல் இருக்க, நீருக்குள் இறங்கிய அடிமரமோ பலகையோ வேண்டும். கட்டுமரக்காரர்கள் இதற்காகவே பலகையை நீரில் இறக்குவர். வட்டமான, தட்டையான அடியுள்ள பரிசலில் பாய் கட்டினால், அது காற்றுப் போன திசையிலேயே போகும், சுழலவும் செய்யும். அதே தட்டையான அடிதான் பாறையும் ஆழமற்ற நீரும் நிறைந்த ஆற்றில் அதைக் காக்கிறது. எடை குறைவு என்பதால், நீரோட்டத்தில் இறங்கி வந்தவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைவழியே மேலே நடக்கலாம்.

இன்றைய நிலை

இயந்திரப் படகுகள் பரவியதும் கடற்கரையில் பாய் கட்டும் பழக்கம் குறைந்தது. தூத்துக்குடித் தோணிகளும் இயந்திரத்துக்கு மாறின. பாலங்கள் வந்தபின் பரிசல் துறைகள் பலவும் ஓய்ந்தன. ஆயினும் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் இன்றும் பரிசலில் சென்று வலை விரிக்கின்றனர். ஆனால் ஆஞ்சான், தாமான், பருமல் போன்ற சொற்களை அன்றாடம் வழங்குவோர் அருகி வருகின்றனர். பயன்பாடு நின்றால் சொல்லும் மறையும் என்பதால், கடலோர முதியவர்களிடம் எஞ்சியுள்ள இச்சொற்களைப் பதிவு செய்வது அவசரத் தேவையாகும்.