குழலின் கசடும் தீவின் நன்னீரும்: யாழ்ப்பாணத் தீவுகளில் கருமருந்துக் காலம் பற்றிய ஒரு நோக்கு

1

எமது வரலாற்றெழுத்தில் துவக்கு எப்பொழுதும் வெடிக்கும் கணத்திலேயே காட்சி தருகின்றது. 1560ஆம், 1591ஆம் ஆண்டுகளின் போர்த்துக்கேயப் படையெடுப்புகள், 1619இல் யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சி, 1658இல் ஒல்லாந்தரின் வெற்றி என ஆண்டுகள் அடுக்கப்படுகின்றன, தளபதிகளின் பெயர்கள் கூறப்படுகின்றன, படைக்கலங்கள் எண்ணப்படுகின்றன. வெடித்து முடிந்த துவக்கு மறுநாளும் வெடிப்பதற்கு என்ன செய்யப்பட்டது, அதற்கு எவருடைய உழைப்பு வேண்டியிருந்தது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அற்பமானதெனத் தோன்றும் இவ்வினாவை, ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏங்கல்ஸ் 1878இல் நூலாக வெளிவந்த ‘டூரிங்குக்கு மறுப்பு’ என்னும் படைப்பில், வன்முறை வெறும் மனவிருப்பத்தின் செயலன்று என வாதிட்டார். அது கருவிகளை வேண்டுவது. கருவிகளோ உற்பத்தி செய்யப்பட வேண்டியவை. ஆகவே வன்முறையின் வெற்றி ஈற்றில் உற்பத்தியையே சார்ந்தது என்பது அவரது முடிபு. இம்முடிபினை நாம் ஏற்கின்றோம். ஆயின் அதனோடு ஒன்றைச் சேர்த்து நோக்குதல் அவசியமாகும். உற்பத்தி செய்யப்பட்ட ஆயுதம் ஆயுதமாகவே நிலைத்திருப்பதில்லை. பயன்பாடே அதனை அழிக்கத் தொடங்குகின்றது. அதனை நாள்தோறும் மீண்டும் ஆயுதமாக்கும் உழைப்பு, உற்பத்தி உழைப்பைப் போன்றே அதிகாரத்தின் அடித்தளமாகும். போர்க்குறிப்புகள் பேசாது விடுவதும் இவ்வுழைப்பைத்தான்.

2

கருமருந்து என்பது வெடியுப்பு, மரக்கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவையாகும். ஐரோப்பியப் படைகள் பிற்காலத்தில் நிலைநிறுத்திய அளவின்படி நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இக்கலவை எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைந்த பகுதியே வாயுவாகிக் குண்டைத் தள்ளுகின்றது. எஞ்சிய பெரும்பகுதி திண்மப் பொருளாகி, ஒரு பகுதி வெண்புகையாய் வெளியேற, மறுபகுதி குழலின் உட்சுவரில் கரிய கசடாய்ப் படிகின்றது. பொற்றாசியம் காபனேற்று, பொற்றாசியம் சல்பேற்று, பொற்றாசியம் சல்பைட்டு ஆகிய உப்புகளும் எரியாத கரியும் இக்கசடில் உள்ளன.

இவற்றுட் சில காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்பவை. ஆகவே சுட்டபின் கழுவாது விட்ட குழல் ஓரிரவிலேயே உள்ளே வியர்த்துத் துருவேறத் தொடங்கும். உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசும் தீவுகளில் இக்கேடு மேலும் விரைவாக நிகழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சுத்திகரிக்கும் முறை எளியது. ஆனால் அதன் ஒழுங்கு மாற்ற முடியாதது. முதலில் குழலில் மருந்து எஞ்சவில்லை என உறுதிசெய்தல் வேண்டும். பின்னர் தீத்துளையை அடைத்துக் குழலுள் நீர் ஊற்றி, கோலின் நுனியில் துணி அல்லது நார் சுற்றி மேலுங்கீழும் தேய்க்க வேண்டும். முதலில் வெளிவரும் நீர் மை போன்று கறுத்து, அழுகிய முட்டையின் மணம் வீசும். சல்பைட்டு உப்பு நீருடன் சேர்வதால் எழும் மணம் அது. நீர் தெளியும்வரை இவ்வாறு பலமுறை செய்து, இறுதியில் கொதிநீர் ஊற்றுவர். கொதிநீரால் சூடேறிய இரும்பு தானே விரைவில் உலர்ந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தபின்னரே எண்ணெய் பூசப்படும். துவக்கின் விசையும் தீக்கிண்ணமும் இவ்வாறே துப்புரவாக்கப்படும். மறுநாள் வெள்ளைத் துணியிட்டு மீண்டும் பார்ப்பர். துணியில் செந்நிறம் தோன்றினால் வேலையை மறுபடியும் தொடங்க வேண்டியதே.

இங்கு ஒன்று கவனித்தற்குரியது. எண்ணெய் இவ்வுப்புகளைக் கரைப்பதில்லை. கழுவாத குழலில் எண்ணெய் பூசினால் உப்பு எண்ணெய்க்கு அடியிலிருந்து இரும்பைத் தின்னும். கரைப்பது நீர் ஒன்றே. கடல்நீர் உதவாதா என வினவலாம். அது கசடைக் கரைக்கும். ஆனால் தனது உப்பைக் குழலில் விட்டுச் செல்லும். ஈற்றில் நன்னீரால் அலசியே ஆக வேண்டும். எனவே கருமருந்துக் காலத்தின் ஒவ்வொரு துவக்கும் மருந்தையும் குண்டையும் வேண்டியது போலவே நன்னீரையும் வேண்டிநின்றது.

3

இந்நோக்குடன் ஊர்காவற்றுறையை அணுகுவோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடல்வழியின் நடுவே, ஒரு சிறு திட்டில், எண்கோண வடிவில் அக்கோட்டை நிற்கின்றது. போர்த்துக்கேயர் கட்டியது; 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. ஒல்லாந்தர் அதற்கு இட்ட ‘ஹம்மன்ஹீல்’ என்னும் பெயருக்குப் பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது பொருள். இலங்கை முழுவதையும் உப்பிட்டுப் பதனிட்ட ஓர் இறைச்சித் துண்டாகக் கண்ட வணிகரின் பார்வை இப்பெயரில் உறைந்துள்ளது. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்றும் அவர்கள் பெயரிட்டனர். இவ்விரு நகரங்களும் 1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் இரண்டின் இருப்பிடங்கள் என்பதை நினைவிற் கொள்க. மூலதனம் திரண்ட இடங்களின் பெயர்களே மூலதனம் ஆண்ட தீவுகளின் பெயர்களாயின.

1658இல் றிக்லோவ் வான் கூன்ஸ் தலைமையில் மன்னாரைக் கைப்பற்றி யாழ்ப்பாணம் நோக்கி வந்த ஒல்லாந்தப் படை, இக்கடற்கோட்டையை முற்றுகையிட்டது. நாற்புறமும் நீர் சூழ்ந்த அக்கோட்டை, குடிப்பதற்கு நீரின்றியே ஏறத்தாழ இரு வாரங்களில் சரணடைந்தது. கோட்டைக்குள் சேமித்து வைத்த நீரைத் தவிர அத்திட்டில் நன்னீருக்கு வேறு வழியில்லை. படையினர் வீழ்ந்தது தாகத்தால். குழல் கழுவ நீரில்லாமையால் அன்று எனக் கூறப்படலாம். அது சரியே. ஆயின் தாகமும் கழுவுதலும் ஒரே நீர்த்தொட்டியையே நம்பியிருந்தன என்பது இங்கு முக்கியமாகும். முற்றுகையின்போது ஒவ்வொரு முறை சுடுவதும் நீரின்மீது வைக்கப்பட்ட ஒரு கடன். பீரங்கியின் வாயை ஈரத் துடைப்பத்தால் துடைத்து, எஞ்சிய தீப்பொறியை அவித்த பின்னரே அடுத்த மருந்துப் பொதியை உட்செலுத்த முடியும். அத்துடைப்பத்திற்குக் கடல்நீர் போதும். துவக்குகளின் குழல்களுக்குப் போதாது.

4

தீவுகளின் நன்னீர் இயற்கையின் கொடை மட்டுமன்று. அது ஒரு சமூக உறவுமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கும் தீவுகளுக்கும் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணக்கல்லினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நல்ல கிணற்றின் இருப்பிடமே குடியிருப்பின் மதிப்பை நிர்ணயித்தது எனலாம்.

இந்நீரை யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்பதைச் சாதி வரையறுத்தது. ஒல்லாந்தர் இவ்வமைப்பைக் குலைக்கவில்லை. தமக்கு வாய்ப்பாக அதனை எழுத்தில் நிலைநிறுத்தினர். கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707இல் சட்டவலுப் பெற்ற தேசவழமை, அடிமைகளைச் சொத்தாகக் கருதும் விதிகளையும் உள்ளடக்கியது. ஊழியம் என்னும் பெயரில் குறித்த சமூகங்களிடமிருந்து கூலியற்ற உடலுழைப்புப் பெறப்பட்டது. கோட்டைக்குக் கல்லும் சுண்ணாம்பும் விறகும் வந்து சேர்ந்த வழி இவ்வுழைப்பே. நன்னீரும் கொதிக்கவைக்கும் விறகும் இன்றிக் கம்பெனியின் துவக்கு ஒரு பருவமும் நின்றிராது. அவ்வாறாயின், துவக்கின் துலக்கத்திற்குரிய உழைப்புச் சங்கிலியின் உள்ளூர் முனை, ஊரின் பொதுக்கிணற்றில் அள்ளும் உரிமையற்ற மக்களையும் பிணைத்திருந்தது என்று கொள்வது மிகையாகாது.

அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிந்தது. கிணற்றின் தடை ஒழியவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், 1966இல் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்கள் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடத்தப்படவேண்டியிருந்தன. கே. டானியல் தமது நாவல் ஒன்றிற்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளப்பட வேண்டும்.

5

சங்கிலியின் மறுமுனை கடலுக்கு அப்பால் இருந்தது. கம்பெனியின் வெடியுப்பு பெரும்பாலும் வங்காளம் வழியாகப் பீகாரிலிருந்து வந்தது. கோடையில் ஊர்மண்ணின்மேல் பூக்கும் உவர்ப்படலத்தைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி உறையவைத்தவர் நூனியா எனப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். கப்பல்களின் அடிப்பாரமாகவும் ஏற்றப்பட்ட அவ்வுப்பு ஐரோப்பியப் போர்களுக்கு உணவாயிற்று. பிளாசிப் போரை அடுத்து 1758இல் ஆங்கிலக் கம்பெனி முதலில் பெற்ற ஏகபோகங்களுள் பாட்னாவின் வெடியுப்பும் ஒன்றாயிருந்தமை தற்செயலன்று. இலங்கையின் உள்நாட்டிலும் இக்கைத்தொழில் இருந்தது. வௌவால் எச்சம் படிந்த குகைகளின் மண்ணை மரச்சாம்பலுடன் சேர்த்து வடித்து வெடியுப்பு எடுத்ததை ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். மண்ணிலிருந்து நீரால் வடித்தெடுத்த அதே உப்பின் எச்சமே ஈற்றில் குழலிலிருந்து நீரால் கழுவப்பட்டது. இரு செயல்களையும் செய்த கைகளுக்குத் துவக்கு சொந்தமாக இருந்ததில்லை.

6

துவக்கிலிருந்து றைபிளுக்கு மாறிய வரலாறும் இக்கசடின் வரலாறே. வழுவழுப்பான குழலுடைய பிரித்தானியத் துவக்கின் உள்விட்டம் 0.75 அங்குலம், அதன் குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். கசடு படிந்த பின்னரும் குண்டு இறங்க வேண்டும் என்பதற்காகக் குறி தவறுவதை ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. குழலின் உட்புறம் சுருள்வரி வெட்டிய றைபிளில் குண்டு இறுகப் பொருந்த வேண்டும். வரிகளிலோ கசடு அடைத்துக்கொள்ளும். சில வெடிகளுக்குப் பின் குண்டை இடித்து இறக்குவதே பெரும்பாடாகும். றைபிளின் வரலாறு குறித்துத் தனியாகவே ஒரு கட்டுரைத் தொடர் எழுதிய ஏங்கல்ஸ், அது நெடுங்காலம் சிறப்புப் படைகளுக்குள் அடங்கியிருந்தமைக்கு மருந்திடுவதன் தாமதத்தையும் காரணமாகக் கண்டார்.

1840களின் இறுதியில் மினியே வகுத்த, அடிப்புறம் குழிந்த நீள்குண்டு இச்சிக்கலை அவிழ்த்தது. சிறியதாய் இறங்கி, வெடிக்கும்போது விரிந்து வரிகளைப் பற்றும் குண்டு அது. 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்ட் றைபிள் இவ்வகையினது. அதன் தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புத் தடவப்பட்டது. குண்டு எளிதில் இறங்கவும் கசடு இளகவுமே அக்கொழுப்பு. அது பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி 1857இல் வங்காளப் படையில் பரவிற்று. ஏப்பிரலில் மீரட்டில் குதிரைப்படையினர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10இல் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியின் வேர்கள் நிலவரியிலும் நாட்டுக் கைப்பற்றல்களிலும் கிடந்தன என்பதில் எமக்கு ஐயமில்லை. மார்க்சும் அவ்வாண்டில் எழுதிய கட்டுரைகளில் தோட்டாவை மட்டும் காரணமாகக் கொள்ளவில்லை. ஆயினும் ஒரு பேரரசின் முரண்பாடுகள், குழலின் கசடை இளக்கும் சிறு பூச்சொன்றில் வந்து குவிந்தமை சிந்திக்கத்தக்கது. பராமரிப்பு அதிகாரத்தின் ஓரத்தில் நிகழும் வேலையன்று; அதிகாரம் தன் கீழுள்ளோரை நேரடியாகத் தொடும் இடங்களுள் அதுவும் ஒன்று.

7

1884இல் பிரான்சில் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டபின், சில ஆண்டுகளில் படைகள் கருமருந்தைக் கைவிட்டன. படைகள் கைவிட்டதை எளிய மக்கள் வைத்துக்கொண்டனர். வன்னிக் காடுகளில் வேட்டைக்குப் பயன்பட்ட ‘இடியன் துவக்கு’ வாய்வழி மருந்திட்டு இடிக்கும் பழைய வகையே. எமது வழக்கிலுள்ள துவக்கு என்னும் சொல் துருக்கிய மொழியின் ‘துஃபெக்’ வழி வந்தது. பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபரங்கி’ என்னும் பெயரின் திரிபு. கருவி எங்கிருந்து வந்ததென்பதை மொழி மறக்கவில்லை. அதனைத் துலக்கியவர் யாரென்பதையோ வரலாறு பதிவுசெய்யவில்லை.

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை பின்னர் சிறையாயிற்று. அண்மைக் காலத்தில் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதியாகியுள்ளது. அங்கு செல்வோருக்குக் கொத்தளங்கள் காட்டப்படுகின்றன. வெற்றியும் தோல்வியும் சொல்லப்படுகின்றன. மூன்று தசாப்தப் போரைக் கண்டு 2009இன் பின் எஞ்சியுள்ள எமது தலைமுறை, ஆயுதத்தின் பெருமை பேசும் வரலாற்றை மீளவும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. கோட்டையின் சுவரை அளப்பவர் அதன் நீர்த்தொட்டியையும் அளத்தல் வேண்டும். அதற்கு நீரும் விறகும் வந்த வழியையும், கரையிலுள்ள கிணற்றில் யார் அள்ளினர், யார் தடுக்கப்பட்டனர் என்பதையும் கேட்டல் வேண்டும். அக்கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான் தீவுகளின் வரலாறு தளபதிகளின் வரலாறாக இருப்பது ஒழிந்து, மக்களின் வரலாறாகத் தொடங்கும்.