உதகை செரன்கோவ் தொலைநோக்கிகள்

நீலகிரியின் உதகமண்டலத்தில் 1969 முதல் 1980களின் நடுப்பகுதி வரை இயங்கிய சிறு தொலைநோக்கிகள். மிகு ஆற்றல் காமாக் கதிர்களைத் தரையிலிருந்தே தேடும் பணி இந்தியாவில் இங்கு தொடங்கியது.

காமாக் கதிர் நிலத்தை எட்டுவதில்லை. மேல்காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். காற்றில் ஒளி செல்லும் வேகத்தை அத்துகள்கள் விஞ்சுவதால் செரன்கோவ் ஒளி எனும் நீல ஒளி பளிச்சிடும். நொடியின் 100 கோடியில் சில பங்கு நேரமே அது நிற்கும். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி இருவரும் குப்பைத்தொட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடியை வைத்து இந்த ஒளியைப் பிடித்ததாக 1953இல் அறிவித்தனர்.

துடிவிண்மீன்கள் கண்டறியப்பட்ட சூட்டோடு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன், பி. வி. ரமணமூர்த்தி முதலியோர் இரண்டு தேடொளி விளக்குக் கண்ணாடிகளுடன் உதகையில் வேலையைத் தொடங்கினர். போர்க்காலத்தில் பகை விமானங்களைத் தேடி வானில் ஒளி பாய்ச்சிய வகைக் கண்ணாடிகள், இங்கே வானிலிருந்து விழும் ஒளியை ஏந்தி நின்றன. ஒவ்வொன்றின் குவியத்திலும் ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய். பின்னாளில் கண்ணாடிகள் 20ஐ நெருங்கின, சில 0.9 மீட்டர், சில 1.5 மீட்டர் விட்டம். நிலவும் மேகமும் இல்லாத இரவுகளே உதவும். இரு பருவமழைகளும் நனைக்கும் மலையில் அத்தகைய இரவுகள் பெரும்பாலும் உறைபனிக் காலத்திலும் அதை அடுத்த சில மாதங்களிலுமே வாய்த்தன.

நண்டு நெபுலாவின் துடிவிண்மீன் 33 மில்லிநொடிக்கு ஒருமுறை சுழல்வது. 1985 சனவரியில் அதிலிருந்து ஏறத்தாழ 15 நிமிடம் காமாக் கதிர் பொங்கியதாக உதகைக் குழு 1986இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் 10 மீட்டர் விப்பிள் தொலைநோக்கி 1989இல் நெபுலாவின் சீரான கதிர்வீச்சை உறுதிசெய்தது. துடிப்பு அதில் தென்படவில்லை. 2011இல் வெரிட்டாஸ் குழு 100 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் துடிப்பைக் கண்டது. உதகையின் 1985 பதிவுக்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும் சிறு கண்ணாடிகளின் தேடல் தவறான திசையில் போகவில்லை எனலாம்.

1986 வாக்கில் பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு மாறியது. அங்கு 25 தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டர்க் கண்ணாடிகள் ஏழு. அதே அளவுக் கண்ணாடிகளுடன் லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், ஏழு தொலைநோக்கிகள் கொண்ட 'ஹாகர்' 2008இல் இயங்கத் தொடங்கியது. அருகிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 21 மீட்டர் 'மேஸ்' 2024இல் திறக்கப்பட்டது.

உதகையில் இன்று இயங்குவது கிரேப்ஸ்-3. ஒளியைத் தேடாமல் துகள்களையே எண்ணுவதால் அது பகலிலும் மழையிலும் வேலை செய்கிறது.