ஒன்று முதல் இருபது வரை

கால்பந்து வீடியோ கேம் என்றாலே பந்தை உதைப்பதுதான் நினைவுக்கு வரும். 'ஃபுட்பால் மேனேஜர்' விளையாட்டில் பந்தைத் தொடவே முடியாது. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எந்த இடத்தில் இறக்குவது, எந்த வியூகத்தில் ஆடுவது என்று முடிவெடுத்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். இந்த முடிவுகளுக்கெல்லாம் ஆதாரம் ஒரு பட்டியல். வேகம், பாஸ் கொடுக்கும் நேர்த்தி, கோல் அடிக்கும் திறன், துணிச்சல் என ஒவ்வொரு வீரரின் ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் போட்டு வைத்திருக்கும் பட்டியல். இந்த விளையாட்டு தரும் மயக்கமும் எரிச்சலும் அந்த எண்களிலிருந்தே பிறக்கின்றன. அதனால் இதன் வரலாற்றை அந்தப் பட்டியலின் வரலாறாகவே சொல்லலாம்.

இந்த வகைக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் கெவின் டாம்ஸ். 1982-இல் 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரில் அவர் தனியாளாக எழுதிய விளையாட்டு, அன்றைய சிறு வீட்டுக் கணினிகளில் ஓடியது. 1985-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற இரண்டு சகோதரர்கள் தங்கள் படுக்கையறையில் உட்கார்ந்து வேறொரு விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். அதை வெளியிட முன்வரும் நிறுவனம் எளிதில் கிடைக்கவில்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மறுத்தது, டொமார்க் ஏற்றுக்கொண்டது. 1992 செப்டம்பரில் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' வெளியானது. அதில் வீரர்களின் பெயர்கள் கற்பனையானவை.

அடுத்த ஆண்டு வந்த பதிப்பில் உண்மையான வீரர்கள் இடம்பெற்றார்கள். பட்டியல் உயிர்பெற்றது அப்போதுதான். கற்பனை வீரனுக்கு என்ன மதிப்பெண் போட்டாலும் கேட்க ஆளில்லை. சனிக்கிழமைதோறும் மைதானத்தில் பார்க்கும் வீரனுக்குப் போட்டால், அது ஒரு கருத்து. 'இவனுக்கு 14 அதிகம், அவனுக்கு 12 குறைவு' என்று வாதாடலாம். அந்த நாட்களில் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. ஒருவரி வர்ணனையாகப் படிக்கத்தான் முடியும். பந்து வலப்பக்கம் போகிறது, கிராஸ் வருகிறது, தலையால் முட்டுகிறான் என்று எழுத்துகள் நகரும். மீதியை விளையாடுபவரின் மனம் வரைந்துகொள்ளும். அப்படி மனத்துக்குள் ஓடிய ஆட்டத்துக்கு இணையான கிராஃபிக்ஸ் அன்று எந்தக் கணினியிலும் இல்லை.

1994-இல் சகோதரர்கள் 'ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பட்டியல் இரண்டு பேரின் கைக்குள் அடங்காமல் வளர்ந்தது. பல நாடுகளில் தங்கள் ஊர் கிளப்பை விடாமல் பார்க்கும் ரசிகர்கள் தகவல் திரட்டித் தரத் தொடங்கினார்கள். பின்னாளில் அவர்கள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. யாரும் கவனிக்காத இரண்டாம் பிரிவு அணியின் பதினேழு வயதுப் பையனையும் யாரோ ஒருவர் பார்த்து, எடைபோட்டு, எழுதி வைத்தார். இந்த விளையாட்டின் உண்மையான செல்வம் அந்த உழைப்புதான்.

அதில் பிழைகளும் புகுந்தன. 2001-இல் வந்த பதிப்பில் மாக்சிம் சிகால்கோ என்ற பெலாரஸ் இளைஞரை வாங்கியவர்களுக்குக் கோல்கள் கொட்டின. நிஜ வாழ்வில் காயங்களால் 26 வயதிலேயே ஆட்டத்தை விட்ட அவர், 2020-இல் 37 வயதில் இறந்தார். மில்வால் அணியின் சிறுவன் செர்னோ சம்பா விளையாட்டில் ஐரோப்பாவையே கலக்கினார்; நிஜத்தில் அந்த உயரத்தை எட்டவில்லை. போர்ச்சுகலின் சிறு கிளப் ஒன்றில் இருந்த 'டோ மடைரா' என்ற கோல் இயந்திரமோ உலகில் இல்லவே இல்லாத ஆள். தகவல் திரட்டியவரே உருவாக்கிச் சேர்த்த வீரர். ஆனாலும் இந்த மூன்று பெயர்களையும் இன்றுவரை பாசத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத ஒருவனை நாமே கண்டெடுத்து, நம்பி இறக்கி, அவன் ஜொலிப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகத்தான் இந்த விளையாட்டின் முன் இரவெல்லாம் உட்காருகிறார்கள்.

எரிச்சலுக்கும் வேர் அங்கேதான். பட்டியல் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. நிலைத்தன்மை, முக்கிய ஆட்டங்களில் மனவுறுதி, காயப்படும் வாய்ப்பு ஆகியவற்றுக்கான எண்கள் மறைந்திருக்கின்றன. ஒரு வீரன் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதும் 200-க்கு இவ்வளவு என்று உள்ளே எழுதப்பட்டிருக்கும். ஜாதகத்தில் பாதிக் கட்டங்களை மூடிவைத்துப் பொருத்தம் பார்க்கச் சொல்வதைப் போன்றது இது. இருபது முறை அடித்தும் நம் பந்து உள்ளே போகாது; எதிரணி ஒரே தடவை வந்து கோல் போட்டுவிட்டுப் போகும். எங்கே தவறினோம் என்று தெரியாது. 2003-இல் 'சாம்பியன்ஷிப் மேனேஜர் 4' ஆட்டத்தை மேலிருந்து பார்க்கும் காட்சியாகக் காட்டியது. 2008 இறுதியில் முப்பரிமாணமும் வந்தது. காட்சி வந்ததோடு சந்தேகமும் வந்தது. எழுத்தில் 'வெளியே அடித்தான்' என்று படித்தபோது விதியை நொந்தவர்கள், டிஃபென்டர் பந்தை விட்டுவிட்டு எங்கோ ஓடுவதைக் கண்ணால் கண்டபின் கணினியைத் திட்டினார்கள்.

மேலிருந்து பார்க்கும் காட்சி வந்த அதே காலத்தில்தான் பெரிய பிரிவும் நேர்ந்தது. அப்போது வெளியீட்டாளராக இருந்த ஈடோஸ் நிறுவனமும் காலியர் சகோதரர்களும் 2003-இல் பிரிய முடிவெடுத்தார்கள். புகழ்பெற்ற 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயர் ஈடோஸுக்குப் போனது. நிரலும் தரவுத்தளமும் உருவாக்கியவர்களிடம் நின்றன. அவர்கள் சேகா நிறுவனத்தோடு சேர்ந்து, கெவின் டாம்ஸ் அன்று வைத்த 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற பெயரிலேயே 2004 நவம்பரில் மீண்டும் வந்தார்கள். ரசிகர்கள் பட்டியலின் பின்னால் போனார்கள். பழைய பெயரில் 2005-இல் ஈடோஸ் வெளியிட்ட விளையாட்டு எடுபடவில்லை.

பிறகு பட்டியல் விளையாட்டைத் தாண்டி நிஜ மைதானத்துக்குள் நுழைந்தது. 2008-இல் எவர்டன் கிளப், வீரர்களைத் தேட அந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்தது. 2014-இல் கிளப்புகளுக்கு ஆட்ட ஆய்வு செய்து தரும் புரோஸோன் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. விளையாடியவர்களும் மைதானத்துக்கு வந்தார்கள். 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' வெளியான அதே 1992-இல் பெல்ஜியத்தில் பிறந்த வில் ஸ்டில், இந்த விளையாட்டை ஆடி வளர்ந்தவர். 2022-இல் பிரான்ஸின் ரெய்ம்ஸ் அணிக்குப் பயிற்சியாளரானார். உரிய உயர்நிலை உரிமம் அவரிடம் இல்லாததால் கிளப் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 25,000 யூரோ அபராதம் கட்டியது. அவர் பொறுப்பேற்ற முதல் 17 லீக் ஆட்டங்களில் அணி தோற்கவில்லை. அவரைப் பயிற்சியாளராக்கியது விளையாட்டு மட்டும் அல்ல, முறைப்படி பயிற்சிக் கல்வி கற்றவர் அவர். விளையாட்டு தந்தது முடிவெடுக்கும் ஆசையை.

2025-இல் பயணம் தடுமாறியது. முற்றிலும் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறும் முயற்சியில் அந்தப் பருவத்தின் பதிப்பு இரண்டு முறை தள்ளிப்போய், பிப்ரவரியில் கைவிடப்பட்டது. நவம்பரில் வந்த 'ஃபுட்பால் மேனேஜர் 26' பெண்கள் கால்பந்தை முதன்முறையாகச் சேர்த்தது. அந்த வீராங்கனைகளையும் யாரோ போய்ப் பார்த்து மதிப்பெண் இட்டிருக்கிறார்கள் என்பது பெரிய காரியம். ஆட்டக் காட்சியும் அழகானது. ஆனால் பழகிய தகவலைத் தேடப் பல திரைகள் கடக்க வேண்டியிருக்கிறது என்று நெடுநாள் ரசிகர்கள் கொதித்தார்கள்.

அந்தக் கோபம் நியாயமானது. வரைகலை ஆண்டுக்காண்டு மாறும். மறைந்திருக்கும் எண்களும் வேண்டும். எல்லாம் தெரிந்துவிட்டால் கண்டெடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் தெரிய வேண்டிய எண்கள் உடனே கைக்குக் கிடைக்க வேண்டும். மழையில் நின்று சிறு கிளப் ஆட்டத்தைப் பார்த்து '13' என்று எழுதும் ஒரு ரசிகருக்கும், இன்னொரு நாட்டில் அந்த 13-ஐ நம்பி அந்தப் பையனை அணியில் சேர்க்கும் இன்னொரு ரசிகருக்கும் நடுவே இருக்கும் நம்பிக்கையில்தான் இந்த விளையாட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. இனி வரும் பதிப்புகள் எதை மாற்றினாலும் அந்த இருவருக்கும் குறுக்கே நிற்கக் கூடாது.