இரு மன்னர் ஆண்ட நகரம்

ஓர் உறையில் இரு வாள் தங்கா என்பர். பண்டைக் கிரேக்க நாட்டு ஸ்பார்ட்டாவிலோ பல நூற்றாண்டுகளாக இரு மன்னர் ஒருங்கே ஆண்டுவந்தனர். ஒருவர் ஆகியட் மரபினர். மற்றவர் யூரிப்பொண்டிட் மரபினர்.

இவ்வழக்கம் தோன்றிய வகையை ஸ்பார்ட்டர் சொல்லக் கேட்டு ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார். அரிஸ்டோடீமஸ் என்னும் மன்னன் இரட்டை ஆண்மக்களைக் கண்ட சின்னாட்களில் இறந்தான். மூத்தவன் யாவன் என்று மக்கள் வினவினர். இருவருமே அரசராக வேண்டும் என்னும் ஆசையால் தாய் தனக்குத் தெரியாதென்றாள். டெல்பித் தெய்வமோ இருவரையும் அரசராக்கி, மூத்தவனுக்குச் சிறப்பு மிகுதியாகச் செய்யுமாறு பணித்தது. பின்னர், எம்மகவை அவள் முதலில் நீராட்டி அமுதூட்டுகிறாள் என்று மறைந்திருந்து பார்த்தே மூத்தவனைத் தெளிந்தனராம்! கதை கதையாகவே இருக்கட்டும். தனித்தனியே வாழ்ந்த இரு கூட்டத்தார் ஒன்றுபட்டதன் விளைவே இது எனக் கருதும் அறிஞரும் உளர்.

படை நடத்தலும் பலியிடலும் மன்னர் கடமைகள். விருந்தில் அவர்க்கு இரட்டைப் பங்கு உண்டு. ஆனால் அறுபது வயது கடந்த 28 முதியோருடன் அவ்விருவரும் சேர்ந்ததே மூத்தோர் அவை. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட எபோர்கள் ஐவர் மன்னரையே கண்காணித்தனர். சட்டப்படி ஆள்வோம் என மன்னர் அவர்களிடம் திங்கள்தோறும் சூளுரைத்தல் வேண்டும். அண்டை நகரங்கள் பலவற்றில் கொடுங்கோலர் தலையெடுத்த காலத்திலும் ஸ்பார்ட்டாவில் அவ்வாறு நேராமைக்கு, ஒரு மன்னனை மற்றவன் தடுத்து நின்றதும் ஒரு காரணமாதல் வேண்டும்.

ஆயினும் அத்தடைக்கு ஸ்பார்ட்டா கொடுத்த விலை சிறிதன்று. கி.மு. 506-ஐ ஒட்டி முதலாம் கிளியோமினிசும் டெமராட்டசும் ஏதென்சின்மேல் படைகொண்டு சென்றனர். எலூசிசில் டெமராட்டஸ் உடன்படாது திரும்பிவிட்டான், படையெடுப்பு சிதைந்தது. இனி ஒரு மன்னனே போருக்குச் செல்லலாம் எனச் சட்டம் செய்தனர். பகை மட்டும் தணிந்திலது.

பிறப்பால் வந்த அரசை வீழ்த்தப் பிறப்பையே பழித்தான் கிளியோமினிஸ். டெமராட்டஸ் பிறந்த செய்தி கேட்டபோது, அவன் தந்தை அரிஸ்டன் எபோர்கள் முன்னிலையில் விரல்விட்டுத் திங்களை எண்ணி, இவன் என் மகன் ஆகான் என்று வாய்தவறிச் சொல்லியிருந்தான். பின்னர் வருந்தி, மகனென்றே வளர்த்தான். அந்தப் பழஞ்சொல் கி.மு. 491-இல் உயிர்பெற்றது. டெல்பியில் கைக்கூலி பாய, தெய்வவாக்கும் அதற்கே சான்று பகர்ந்தது. டெமராட்டஸ் பதவி இழந்தான். அவன் தாயைச் சூளுறவு கொண்டு வினவ, எல்லாப் பிள்ளைகளும் பத்துத் திங்கள் நிறைந்தே பிறப்பதில்லை என்றாள் அவள். அன்றொரு தாய் சொல்ல மறுத்ததால் இரு அரியணை வந்தன. இத்தாய் சொல்லியும் மகனுடைய அரியணை மீளவில்லை.

அவன் பாரசீகம் புகுந்தான். கிளியோமினிஸ் மதிமயங்கித் தன்னைத்தானே வெட்டி மாண்டான். கி.மு. 480-இல் கிளியோமினிசின் தம்பி லியோனிடாஸ் தெர்மாப்பிலைக் கணவாயைக் காத்து நின்றான். ஸ்பார்ட்ட வீரர் தலைவாரும் செய்தி கேட்டு நகைத்த பாரசீக வேந்தன் செர்க்சசிடம், அஃது உயிர்விடத் துணிந்தார் வழக்கம் என விளக்கியவன் டெமராட்டசே.