கரிசல் மண்ணும் தனிம அட்டவணையின் மூன்றாம் வரிசையும்

கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, சாத்தூர் என விரியும் கரிசல் வட்டாரத்துக்கு நவீன வேதியியல் முதன்மையாகத் தீப்பெட்டித் தொழிலின் வடிவில்தான் வந்து சேர்ந்தது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீக்குச்சி செய்யும் முறையைக் கற்று வந்து, அடுத்த ஆண்டு தொடங்கிய தொழில் சில பத்தாண்டுகளில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் பரவியது. மருந்தில் முக்கிய குச்சிகளை உலர்த்துவதற்கு ஏற்ற வறண்ட வானமும், மழையை மட்டுமே நம்பிய புஞ்சை வெள்ளாமை பொய்த்த காலங்களில் கூலி தேடி நின்ற குடும்பங்களும் அத்தொழில் இங்கு வேர்பிடிக்கக் காரணங்களாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீக்குச்சிகளின் தலையில் இருந்தது வெண் பாஸ்பரஸ். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. 1845இல் வியன்னாவில் ஷ்ரோட்டர் என்னும் வேதியியலாளர் அதே தனிமத்தின் நஞ்சற்ற வடிவமான சிவப்பு பாஸ்பரஸைக் கண்டறிந்தார். அதைக் குச்சியில் சேர்க்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பூசும் பாதுகாப்புத் தீப்பெட்டியை ஸ்வீடன் நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் 1850களில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். இந்தியாவில் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகள் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. கரிசல் நிலத்துக்குத் தொழில் வந்தபோது அந்தப் பழைய கொடுமை நீங்கியிருந்தது என்பதை இவ்வட்டாரத்தின் பெரும்பேறாகவே கருத வேண்டும்.

குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள் ஆகியவை வச்சிரப் பசையால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பொட்டாசியம் குளோரேட் என்பது சூடேறினால் தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளிவிடும் உப்பு. உரசும்போது பெட்டியிலுள்ள சிவப்பு பாஸ்பரஸின் ஒரு துளி தீப்பற்ற, குளோரேட் தரும் ஆக்சிஜனில் கந்தகம் எரிந்து, மெழுகு ஏற்றிய குச்சிக்கு நெருப்பைக் கடத்துகிறது. குளோரேட்டும் பாஸ்பரஸும் ஒன்றாகக் கலந்தால் சிறு உரசலிலேயே வெடிக்கும் என்பதால்தான் ஒன்று குச்சியிலும் மற்றொன்று பெட்டியிலுமாகப் பிரிந்து நிற்கின்றன.

இத்தனை பொருள்களையும் கையாண்டவர்கள் அவற்றை 'மருந்து' என்ற ஒற்றைச் சொல்லால் குறித்தார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று மக்கள் அழைத்த ஆலைகளில் கட்டை அடுக்கியவர்களிலும் வீட்டுத் திண்ணைகளில் பெட்டி ஒட்டியவர்களிலும் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியருமே. விடியுமுன் ஊர் ஊராக வந்த ஆலை வண்டிகள் பள்ளி செல்ல வேண்டிய வயதினரை ஏற்றிச் சென்றன. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசி ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அந்நிலையை மாற்றத் துணைநின்றன. பாஸ்பரஸையும் கந்தகத்தையும் இந்நாட்டில் வேறெவரைக் காட்டிலும் நெருக்கமாக அறிந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறைக்கு அவற்றைப் பற்றிப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது பெரும் அநீதி.

அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் கையில் இன்று தனிம அட்டவணை கைபேசிச் செயலியாக இருக்கிறது. 1869இல் மெண்டெலீவ் 63 தனிமங்களைக் கொண்டு அமைத்த அட்டவணையில் இப்போது 118 இருக்கின்றன. கடைசியாக நான்கு தனிமங்கள் பெயர் பெற்றது 2016இல் என்பதால், அதற்கு முன் அச்சான சுவர்ப்படங்கள் பழையனவாகிவிட்டன. 2018இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களின் விரைவுக் குறியீடுகளும் கைபேசியைப் படிப்புக் கருவியாக்கின. ஒரு கட்டத்தைத் தொட்டால் அணு எண், அணு நிறை, உருகுநிலை ஆகியவை விரிகின்றன; வெண் பாஸ்பரஸின் உருகுநிலை ஏறத்தாழ 44 பாகை செல்சியஸ் என்று காணும் கோவில்பட்டி மாணவருக்கு, தம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எவ்வளவு ஆபத்தானது என்பது உடனே விளங்கும்.

அட்டவணையின் மூன்றாம் வரிசையை, அதாவது 11 முதல் 18 வரையிலான தனிமங்களை, இவ்வட்டார மாணவர் தம் ஊரின் பொருளியலாகவே வாசிக்கலாம். 11ஆம் எண்ணான சோடியமும் 17ஆம் எண்ணான குளோரினும் சேர்ந்ததே தூத்துக்குடி உப்பளங்களின் உப்பு. மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் மூன்றும் (12, 13, 14) ஆக்சிஜனோடு கூடி அடுக்கடுக்கான களித்தகடுகளாகிக் கரிசலை ஆக்கியிருக்கின்றன. அத்தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. சிலிக்கானே கண்ணாடித்தூளாகவும் திரும்பி வர, அதையடுத்த பாஸ்பரஸ், கந்தகம், குளோரின் (15, 16, 17) தீப்பெட்டியை நிறைவு செய்கின்றன. எஞ்சிய ஆர்கான் மட்டுமே எதனோடும் கூடாத வாயு. ஒரு கட்டத்துத் தனிமத்தின் விலை இங்கு எத்தனை அடுப்படிகளைத் தொடுகிறது என்பதற்கு, சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாயாக உயர்ந்ததும், மற்ற மூலப்பொருள்களும் விலையேறியதும் சேர்ந்து, 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டியை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக்கியதே சான்று.

ஆயினும் செயலி தனிமங்களைத் தனித்தனியே காட்டுகிறது. தொழிலோ சேர்மங்களில் நடக்கிறது. பொட்டாசியத்தின் கட்டத்தையும் குளோரினின் கட்டத்தையும் எத்தனை முறை தொட்டாலும் குளோரேட்டைக் கந்தகத்தோடு உலர்நிலையில் அரைப்பதன் ஆபத்து தெரியவராது. அதை அறிந்தவர்கள் மருந்து கலக்கும் அறைகளில் பணியாற்றிய மூத்தவர்களே. கோவில்பட்டி வட்டாரப் பள்ளிகள் பாஸ்பரஸ் பாடத்தை நடத்தும் நாளில் அவர்களை வகுப்பறைக்கு அழைத்துப் பேசச் செய்ய வேண்டும்.