நிறப்பெட்டியில் விழுந்த வாக்கும் விழாத வாக்கும்



"விளங்காத சனமெல்லாம் வோட்டுப் போடுது. நாம போட்டு என்ன ஆகப் போகுது சேர்? இந்த முறை நான் போகல்ல." படித்த சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் சொன்னார். வரலாறு படிப்பிப்பவன் என்பதால் எனக்கு 1931தான் ஞாபகம் வந்தது.

அதற்கு முன்னர் இலங்கையில் சொத்து, வருமானம், கல்வி உள்ள ஆண்களுக்கே வாக்குரிமை. சனத்தொகையில் சுமார் 4 வீதம்தான். டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை என்றதும் பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவர்களில் ஒருவர். எழுத வாசிக்கத் தெரியாதவன் எப்படி ஆட்சியாளரைத் தெரிவு செய்வான் என்பது அன்றைய பெரிய கேள்வி.

ஆனாலும் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இரு பாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் ஒதுக்கினார்கள். விரும்பிய நிறப்பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட்டால் சரி. கையெழுத்துப் போடத் தெரியாத விவசாயியும் வாக்களித்தார்.

அதே தேர்தலில், கல்வியில் முன்னணியில் நின்ற யாழ்ப்பாணம் வாக்களிக்கவில்லை! டொனமூர் யாப்பு முழுமையான சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. அவர்களின் இலட்சியத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய 4 தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. அரசாங்க சபை அவர்களுக்காகக் காத்திருக்கவுமில்லை. அமைச்சர்கள் தெரிவானார்கள், சட்டங்கள் வந்தன. மட்டக்களப்பு தெற்கில் தெரிவான மாக்கான் மாக்கார் அமைச்சரானார். வடக்கின் அந்த 4 ஆசனங்களும் 1934 வரை காலியாகவே கிடந்தன. கடைசியில் அதே யாப்பின் கீழ்தான் அங்கும் தேர்தல் நடந்தது.

2005க்கு வாருங்கள். ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை வென்றது சுமார் 1,80,000 வாக்குகளால். யாழ். மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம் மட்டுமே. அது எல்லோரும் விரும்பி எடுத்த முடிவல்ல, புலிகளின் நெருக்குதலும் இருந்தது. ஆனால் முடிவை எண்ணும்போது, விரும்பி வராதவரையும் வர முடியாமல் போனவரையும் யாரும் பிரித்து எண்ணுவதில்லை.

அறியாமைக்கு மருந்து உண்டு. அன்று நிறப்பெட்டி. இன்று நாம் சொல்லிக் கொடுக்கலாம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 3 இலட்சம்! 2005இன் வெற்றி வித்தியாசத்தை விட அதிகம். புள்ளடி எங்கே போடுவது, 1, 2, 3 எப்படி எழுதுவது என்று உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் காட்டிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். போடாத வாக்குக்கோ அடுத்த தேர்தல் வரை மருந்தில்லை.

வாக்கு ஓர் அமானிதம், ஒரு சாட்சியம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். விளங்கியவன் சாட்சி சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டு, விளங்காதவன் பிழையாகச் சொல்லிவிட்டான் என்று குறை சொல்வது நியாயமா?

அந்தச் சகோதரரிடமும் இதைத்தான் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நீங்களும் யோசியுங்கள். அதற்கு முன், வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.